ஒத்தைமுள்ளி

போங்ச்சிக்கு அவள் அப்பா வைத்த பெயருக்கு ‘கிடக்கட்டும், வளர்த்துத் தொலைப்போம்’ என்று அர்த்தம். நாலாவதும் பெண்ணாகப் பிறந்த கடுப்பில் வைத்தது. எங்கள் ஊரில் அவள் வயதுக்காரிகள் இன்னும் இரண்டு பேருக்கு அதே பெயர். யாராவது சத்தமாகக் கூப்பிட்டால் மூன்று பேரும் திரும்புவார்கள். மற்ற இருவருக்கும் அந்தப் பெயர்மேல் வருத்தம் உண்டு. இவளுக்குக் கிடையாது. “கிடக்கட்டும்னுதானே விட்டாரு, கிடக்கேன்” என்பாள்.

நான் சுய்குவான், லாரிக்காரன். ஆமைத் தீவுக்கு எதிரே இருக்கிற எங்கள் துறைமுகத்துக்கு ஆழ்கடல் இழுவைப் படகுகள் மத்தியானம் மூன்று மணிக்குத் திரும்பும். பிடித்ததைத் தளத்தில் கொட்டுவார்கள். பெண்கள் குவியலைச் சுற்றி முக்காலி போட்டு உட்கார்ந்து பிரிப்பார்கள். சிவப்பு இறாலுக்கு ஒரு கூடை, கண்ணாடி இறாலுக்கு ஒரு கூடை, வாளைக்கு ஒரு கூடை, எதிர்க்கடையில் சூப்புக்குப் போகிற பொடி மீனுக்கு ஒரு கூடை. எதிலும் சேராதது கழிசல். கழிசல் எனக்கு. அதை அள்ளிப் போட்டுக்கொண்டு வாத்துத் தீவன ஆலைக்குப் போவதுதான் இருபத்தாறு வருஷமாக என் பிழைப்பு. ஊரே வேண்டாம் என்று ஒதுக்கின மீனெல்லாம் என் வண்டியில்தான் ஏறும். அதனால் என்னை யாரும் மதிப்பதில்லை. நானும் யாரையும் மதிப்பதில்லை. இரண்டு பக்கமும் சௌகரியமாகப் போய்க்கொண்டிருந்தது.

போங்ச்சி பதினாறு வயதில் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தவள். கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது, படகில் இன்ஜின் பார்த்த புருஷன் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். எல்லாம் நடந்தது, முக்காலி மட்டும் இடம் மாறவில்லை. அறுபத்தோரு வயதில் ‘பொன்வரவு’ படகின் குவியலில் அவள்தான் மூத்தவள். படகு கடலில் இருக்கும்வரை கேப்டனுடையது. கரைக்கு வந்துவிட்டால் மீனும் ஆளும் அவன் பெண்டாட்டி கிம்லுவானுடையது. யார் எங்கே உட்கார வேண்டும், யார் நாளையிலிருந்து வரவேண்டாம் என்பதெல்லாம் கிம்லுவான் வாயிலிருந்துதான் வரும். அந்த வாய்க்குக் கேப்டனே பயப்படுவான்.

பிரிக்கிற பெண்கள் எல்லோரும் ரப்பர் கையுறை போடுவார்கள். போங்ச்சியும் போட்டுக்கொண்டிருந்தவள்தான். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் திடீரென்று கழற்றிவிட்டாள். ஆழத்து மீன் சும்மா இருக்குமா? முள், பல், கொடுக்கு என்று ஒவ்வொன்றும் ஒரு ஆயுதத்தோடுதான் வரும். அவள் கையைப் பார்த்தால் சோறு இறங்காது, அத்தனை கீறல். பக்கத்து முக்காலி சாய்ஹோங் அதற்கும் ஒரு கதை கட்டினாள். “மகாராணிக்குக் கை வேர்க்குதாம்மா!” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கென்ன.

அப்புறம் ஒரு நாள் என் லாரியை வழக்கமான இடத்தில் நிறுத்த முடியவில்லை. ஐஸ் வண்டிக்காரன் குறுக்கே போட்டுவிட்டுப் பாக்கு வாங்கப் போயிருந்தான். நான் வலப்பக்கமாகப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். போங்ச்சி கழிசல் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வந்தவள், இடப்பக்கம் லாரி வழக்கமாக நிற்கிற இடத்துக்கு நேரே போய், லாரித் தட்டு இருக்கிற உயரத்தில், அந்தரத்தில் கூடையை வைத்தாள். மொத்தமும் தரையில் கொட்டியது.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. “கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?” என்று கத்தினேன்.

யாரைப் பார்த்தாலும் நான் தினமும் கத்துகிற வார்த்தைதான். வேறு எவளாவது இருந்தால் நாலு திருப்பிக் கொடுத்திருப்பாள். இவள் குனிந்து மீனைத் தேடினாள். தேடினாள் என்றால், தரையைத் தடவினாள். என் பூட்ஸைத் தடவிவிட்டுக் கையை எடுத்தாள்.

“பொடனியிலயாவது இருந்தாத் தேவலையே சுய்குவான்” என்றாள் மெதுவாக. “கத்தாதே. கிம்லுவான் காதுல விழும்.”

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. குனிந்து மீனை அள்ளிக்கொண்டே விசாரித்தேன். கண்ணுக்குள் அழுத்தமாம். வலியே இல்லாமல் பார்வையை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்திருக்கிறது. யீலான் ஆஸ்பத்திரியில் டாக்டர், போனது போனதுதான், மிச்சத்துக்குச் சொட்டு மருந்து என்று சொல்லிவிட்டாராம். இப்போது வெளிச்சம் தெரிகிறது, ஆள் நிழல் தெரிகிறது. மீன் தெரியவில்லை.

“அப்ப எதை வச்சுடி பிரிக்கற?”

“கையை வச்சு. வேற எதை வச்சு?”

“பேத்தை வந்தா? விஷ மீனாச்சே! சூப்புக் கூடையில ஒண்ணு விழுந்தா எவனாவது செத்துப் போவான்.”

“பேத்தை எனக்குத் தெரியாதா? செதில் கிடையாது. முதுகு உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும், வயிறு காத்துப்போன பலூன் மாதிரி தொளதொளன்னு இருக்கும். சந்தேகமா இருந்தா வாயில விரல் வச்சா போதும், கிளி மூக்காட்டம் பல்லு. இந்த ஒரு வருஷத்துல ஒண்ணாவது தப்பியிருக்கா, சொல்லு.”

தப்பியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

“எம் பையன் குன்ஹோங் காத்துட்டிருக்கான். ‘நீ வேலைய விட்ட அன்னைக்கே வந்து அழைச்சிட்டுப் போயிடுவேன்’ங்கறான். தாவ்யுவான்ல பதினொண்ணாவது மாடி. நல்லவன்தான், மருமவளும் நல்லவதான். ஆனா அங்க போனா நான் குருடி. கதவைத் தடவி, சுவரைத் தடவி, ஒருத்தர் கையைப் பிடிச்சிட்டு நடக்கணும். இங்க அப்படியில்ல. இந்தக் குவியல்ல எனக்குத் தெரியாதது ஒண்ணும் கிடையாது. கிம்லுவானுக்குத் தெரிஞ்சா அன்னைக்கே முக்காலிய எடுத்துடுவா. புரியுதா?”

புரிந்தது. அன்றிலிருந்து நான் லாரியை இடப்பக்கம் தவிர வேறெங்கும் நிறுத்தியதில்லை. ஐஸ் வண்டிக்காரனோடு அதற்காக இரண்டு தடவை சட்டையைப் பிடிக்கிற அளவுக்குச் சண்டை. அவனுக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான் மீன் படிக்கிற பெண் வந்து சேர்ந்தாள். யுன்ஜென் என்று பெயர், தைப்பேயில் பல்கலைக்கழகம். புதன்கிழமை ரயிலில் வந்து இறங்கி, நேரே என் லாரியில் ஏறி, கழிசலைக் கிளறுவாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். ஏற்றுவதற்கே நேரம் இல்லை, இவள் ஒவ்வொரு மீனாக எடுத்து முத்தம் கொடுக்காத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். “வாத்துக்குப் பசிக்குதும்மா, இறங்கு” என்றால் “அஞ்சு நிமிஷம் அண்ணா” என்பாள். அவளுடைய ஐந்து நிமிஷத்தில் வெங்காயத்தாள் ரொட்டி இரண்டு தின்று, பாக்கும் போட்டு முடித்துவிடலாம்.

அவள் தேடியது சுறா. சாண் நீளத்துக்கு மேல் வளராத ஒரு கறுப்புச் சுறா. எங்கள் துறைமுகத்தில் சின்னக் கறுப்புச் சுறாக்கள் கூடை கூடையாக வரும். அதையெல்லாம் பெரிய கருஞ்சுறாவின் குட்டி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கையில் வந்தால் “வளந்துட்டு வா ராசா” என்று சொல்லிக் கழிசலில் எறிவது பெண்களுக்குப் பழக்கம். செத்த மீனைப் பார்த்துச் சொல்கிற வார்த்தையா அது! ஆனால் என் அம்மா காலத்திலிருந்தே அப்படித்தான் சொல்கிறார்கள்.

“அது குட்டி இல்ல” என்றாள் போங்ச்சி ஒரு புதன்கிழமை, குவியலிலிருந்து தலையைத் தூக்காமலே.

யுன்ஜென் லாரியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்னக்கா சொன்னீங்க?”

“குட்டி இல்லம்மா. அதுக்கே வயித்துல குட்டி இருக்கு. போன மாசம் ஒண்ணு பிதுங்கி வந்துச்சு, சுண்டுவிரல் நகம் பெருசுல தலை. சாணளவு இருந்துட்டு அது புள்ள பெக்குது. நாமதான் வளரலை வளரலைன்னு தூக்கிப் போட்டுட்டு இருக்கோம்.”

“மீனுக்கு மருத்துவச்சி ஒருத்திதான் பாக்கியா இருந்துச்சு” என்றாள் சாய்ஹோங்.

யுன்ஜென் குதித்து இறங்கி வந்து போங்ச்சியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். போங்ச்சி கழிசலில் கைவிட்டு இரண்டு கறுப்புச் சுறாக்களை எடுத்தாள். என் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றை அந்தப் பெண்ணின் இடது கையிலும் இன்னொன்றை வலது கையிலும் வைத்தாள்.

“வால்லருந்து தலைப் பக்கமா விரலை ஓட்டிப் பாரு. இதுல முதுகுத் துடுப்பு ரெண்டுக்கும் முன்னால முள்ளு குத்தும். இதுல முன்துடுப்புல மட்டும்தான் குத்தும், பின்னால வழுவழுன்னு இருக்கும். இது ரெட்டைமுள்ளி, இது ஒத்தைமுள்ளி. ரெட்டைமுள்ளி தினமும் வரும். ஒத்தைமுள்ளி எப்பவாவது ஒண்ணு.”

அந்தப் பெண் விரலை ஓட்டினாள். மறுபடியும் ஓட்டினாள். அப்புறம் அவள் போட்ட கூச்சலில் ஐஸ் உடைக்கிறவன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டான். மூன்று வருஷமாக எங்கெங்கோ தேடியதில் அவள் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றாம். உலகத்தில் பெரிய பெரிய மியூசியங்களிலேயே எண்ணி நாலைந்துதான் இருக்குமாம். போங்ச்சி அந்த மாதம் மட்டும் ஆறு எடுத்துக் கொடுத்தாள்.

“எப்படிக்கா இந்தக் குவியல்ல இதைப் பாக்கறீங்க?” என்று கேட்டாள் யுன்ஜென்.

“பாக்கறதில்லம்மா” என்றாள் போங்ச்சி. எனக்குத் தொண்டையில் பாக்குச் சாறு ஏறிக்கொண்டது.

அந்தச் சுறாவின் வயிறு முழுக்கப் பொட்டுப் பொட்டாக விளக்கு இருக்கிறதாம், ஆழத்தில் இருட்டில் எரியுமாம். யுன்ஜென் சொன்னாள். போங்ச்சி கையில் இருந்ததைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “நீ பாத்திருக்கியா, எரியறதை?”

“இல்லக்கா. மேல வர்றதுக்குள்ள செத்துடுது.”

“சுய்குவான், நீ?”

“எனக்கு வேற வேலை இல்ல?”

“அப்போ யாருமே பாத்ததில்ல” என்றாள் போங்ச்சி. அதில் அவளுக்கு என்ன சந்தோஷமோ, அன்று சாயங்காலம் முழுக்கச் சிரித்த முகமாக இருந்தாள்.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் போனது. கெடுத்தது ஒரு பரிசு. யுன்ஜெனுக்கு மனசு கேட்கவில்லை, போங்ச்சியின் கையைப் பார்த்துப் பார்த்து. தன் சொந்தக் காசில், கத்தி போட்டாலும் கிழியாத, உள்ளே இரும்பு நூல் வைத்துப் பின்னிய கையுறை ஒரு ஜோடி வாங்கி, சிவப்புத் தாளில் சுற்றி எடுத்து வந்தாள். கூடவே போட்டோ எடுக்க ஒரு சிநேகிதனும் வந்தான். பல்கலைக்கழகப் பத்திரிகையில் போங்ச்சியைப் பற்றி எழுதப் போகிறார்களாம்.

போங்ச்சி இரண்டு கையாலும் வாங்கி, நன்றி சொல்லி, மடியில் வைத்துக்கொண்டாள். அதோடு விட்டிருக்கலாம். கிம்லுவான் விடவில்லை. தலைக்குச் சாயம் போட்டு, உதட்டுக்கும் போட்டு, தளத்துக்கு வந்து நின்றாள்.

“அக்கா, அதை மாட்டு. இந்தக் கையோட நீ போட்டோவுல விழுந்தா, கிம்லுவான் ஆளுங்களுக்குக் கையுறைகூட வாங்கித் தரமாட்டாள்னு நாடே பேசும்.”

“அடுத்த வாரம் போடறேனே, கிம்லுவான்.”

“போட்டோ இன்னைக்கு. கையுறை அடுத்த வாரமா? மாட்டுக்கா!”

என்ன சொல்லி மறுப்பாள்? மாட்டினாள். கனமான கையுறை, விரல் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி ஆகிவிட்டது. பையன் கேமராவைத் தூக்கினான். படகு அப்போதுதான் கொட்டிவிட்டுப் போயிருந்தது, குவியல் இடுப்பளவு. போங்ச்சி கையை உள்ளே விட்டாள்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான், சண்டை. “எவ்வளவு நேரம்யா போட்டோ பிடிப்பீங்க? ஆலையை மூடிடுவான், கழிசலைக் கொண்டாங்க!” என்று கத்தினேன். ஆலை ஏழு மணி வரை திறந்திருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தரும் திரும்பவில்லை. லாரி ஹாரனை அடித்தேன். “ஏய், பாக்குப் பைத்தியம், சும்மா இருக்க மாட்டே?” என்றாள் கிம்லுவான்.

போங்ச்சியின் கை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. சிவப்பு இறால் ஒன்று கழிசலில் விழுந்தது. போனால் போகிறது. அப்புறம் சூப்புக் கூடையில் பொடி மீனோடு ஒன்று விழுந்தது, உருண்டையாக, சாம்பல் நிறத்தில், புள்ளி வைத்து. பேத்தை.

நான் லாரியிலிருந்து இறங்கி, ஏதோ கயிற்றை எடுக்கிறவன்போலப் போய், சூப்புக் கூடையில் கைவிட்டு அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

“அண்ணி!” என்று கிம்லுவானைப் பார்த்து அலறினாள் சாய்ஹோங். “லாரிக்காரன் சூப்பு மீனைத் திருடறான்! என் கண்ணால பாத்தேன், பைக்குள்ள போட்டான்!”

கிம்லுவான் வந்தாள். “எடு.”

“ஒண்ணுமில்ல, போ.”

“எடுடா!”

எடுத்தேன். என் உள்ளங்கையில் அது வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. கேமராப் பையன் ஒருத்தன்தான் விவரம் தெரியாமல் அதையும் ஒரு போட்டோ எடுத்தான். மற்ற எல்லோரும் சூப்புக் கூடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூடை யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். மறைக்கப் போன நானே தூக்கிக் காட்டிவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“சுய்குவான் திருடலை” என்றாள் போங்ச்சி. கையுறையை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “பேத்தையா? என் கைதான் போட்டிருக்கும். எனக்குக் கண்ணு தெரியலை, கிம்லுவான். ஒன்றரை வருஷமா.”

கிம்லுவான் கத்தியிருந்தால் பரவாயில்லை. கத்தவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து, அந்தச் சூப்புக் கூடையைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வொரு மீனாகத் தானே புரட்டிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை. எழுந்து, “அக்கா, வீட்டுக்குப் போ” என்றாள். அப்புறம் என்னிடம் வந்தாள்.

“உனக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும்.”

“எத்தனை நாளா?”

“ஏழு மாசம்.”

“எதிர்க்கடைச் சூப்பை தினமும் நீயும்தானே குடிக்கற, பாவி?”

ஏழு மாதமும் குடித்தேன், ஒரு நாளும் பயப்படவில்லை. அதை அப்போது சொல்லத் தோன்றவில்லை. யுன்ஜென் அந்தக் கையுறையைக் கட்டிக்கொண்டு அழுதாள், “என்னாலதான், என்னாலதான்” என்று. அவளை ரயிலுக்குக் கொண்டுபோய் விட்டது நான்தான். வழியெல்லாம் அழுகை.

மறுநாள் போங்ச்சியின் இடத்துக்குச் சாய்ஹோங் நகர்ந்துவிட்டாள். வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். துணியை மடித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை குன்ஹோங் காரோடு வருகிறானாம். மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் “உங்க வீட்டு ஓடு ஒழுகுது பாரு” என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை. வெள்ளிக்கிழமை போனேன், ஏன் என்று கேட்காதீர்கள். கடல் காக்கிற மாட்சு அம்மன் முன்னால் கிம்லுவான் மண்டி போட்டிருந்தாள். கையில் பிறை மாதிரி இரண்டு மரத்துண்டு. கேள்வி கேட்டுவிட்டுக் கீழே போட்டால், ஒன்று நிமிர்ந்து ஒன்று கவிழ்ந்தால் அம்மன் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் நிமிர்ந்து விழுந்தால் அம்மன் சிரிக்கிறாள் என்று அர்த்தம், ‘இதைப் போய் என்னிடம் கேட்கிறாயே’ என்று.

“அக்காவைத் திரும்ப உக்கார வைக்கட்டுமா, தாயே?” என்று கிம்லுவான் வாய்விட்டே கேட்டாள். போட்டாள். இரண்டும் நிமிர்ந்தன. மறுபடி போட்டாள். நிமிர்ந்தன. மூன்றாவது தடவையும் அம்மன் சிரித்துவிட்டாள்.

கிம்லுவான் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டாள். தூணுக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். “உனக்கு என்ன இளிப்பு?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

சனிக்கிழமை நாலரை மணி. ஆமைத் தீவு மேகத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தது, மழை வரும். குன்ஹோங் பெட்டிகளைக் காரில் ஏற்றிவிட்டான். நான் சும்மா நின்றேன். போங்ச்சி வாசலில் ஒரு கவிழ்த்த மீன் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், கால் செருப்புப் புதிது. அப்போது கிம்லுவான் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள், காலிடுக்கில் ஒரு கூடை சூப்பு மீனோடு. கூடையைத் தூக்கிப் போங்ச்சியின் முன்னால் வைத்தாள்.

“பிரி, அக்கா.”

“எதுக்கு?”

“பிரின்னா பிரி. கையுறை கிடையாது.”

“அத்தை, என்ன இது?” என்று குறுக்கே வந்தான் குன்ஹோங். “எங்கம்மாவுக்குப் பரீட்சை வைக்கறீங்களா?”

“ஆமாண்டா. நீ மூச்சு விடாம நில்லு.”

போங்ச்சி புதுச் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், முழங்கை வரைக்கும் சுருட்டிக்கொண்டாள், கையைக் கூடைக்குள் விட்டாள். மீன் அவள் விரலுக்குள் போய் வந்தது, அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். பிடிக்கிற மாதிரியே தெரியாது. பொடி மீன் இடது பக்கம் குவிந்துகொண்டே வந்தது. திடீரென்று ஒன்றை எடுத்து வலது பக்கம் வைத்தாள். பேத்தை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பாதிக் கூடை தாண்டி மூன்றாவது.

கிம்லுவான் மூச்சை விட்டாள். “போதும் அக்கா. மூணுதான்.”

போங்ச்சி நிறுத்தவில்லை. கூடையின் அடி வரைக்கும் போனாள். கடைசியில் கட்டைவிரல் பருமன்கூட இல்லாத ஒன்றை எடுத்து, அதன் வாயில் நகத்தை வைத்துப் பார்த்து, வலது பக்கம் வைத்தாள்.

“நாலு” என்றாள்.

“மூணுக்கா. நான்தானே போட்டேன். எண்ணித்தான் போட்டேன்.”

“நீ மூணு போட்டிருப்ப. இதுல நாலு இருக்கு.”

கிம்லுவான் குனிந்தாள். நானும் குனிந்தேன். குன்ஹோங்கும் குனிந்தான். குஞ்சுப் பேத்தை, சந்தேகமே இல்லை. அந்தக் கூடை அன்று மத்தியானம் சாய்ஹோங் பிரித்தது. கிம்லுவான் தானே ஒரு தடவை மேலே கீழே புரட்டிப் பார்த்து, சரி என்று எடுத்தது. இங்கே வராமல் இருந்திருந்தால் இந்நேரம் எதிர்க்கடை அடுப்பில் கொதித்துக்கொண்டிருக்கும்.

கிம்லுவான் தரையில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. முதல் தூறல் விழுந்தது.

“சாய்ஹோங்குக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள் கிம்லுவான். “எனக்கும் நல்லாத்தான் இருக்கு.” அப்புறம் குன்ஹோங்கைப் பார்த்தாள். “பெட்டியை இறக்குடா.”

அவன் அம்மாவைப் பார்த்தான். போங்ச்சியின் இரண்டு கையும் இன்னும் கூடைக்குள்தான் இருந்தன. அழுதுகொண்டிருந்தாள், துடைக்கக் கை இல்லாமல். அவன் போய்ப் பெட்டியை இறக்கினான். நல்ல பையன்தான்.

திங்கட்கிழமை கிம்லுவான் சட்டம் போட்டாள். சாய்ஹோங் கூடையைக் கடைசியாகப் போங்ச்சி தடவிப் பார்க்க வேண்டும். போங்ச்சி கூடையைக் கடைசியாக ஒருத்தர் கண்ணால் பார்க்க வேண்டும். அந்த ஒருத்தர் நான். ஏழு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குத் தண்டனையாம், சும்மா செய்ய வேண்டுமாம். “என் கூடையை இவ தடவறதா!” என்று சாய்ஹோங் குதித்தாள். “தடவட்டும்டி, உன்னைத் தடவலையே” என்றாள் கிம்லுவான். அந்த இரும்பு நூல் கையுறை என்னிடம் வந்து சேர்ந்தது. கூடை தூக்குவதற்கு ரொம்ப வசதி, பொய் சொல்லக் கூடாது.

அடுத்த புதன்கிழமை யுன்ஜென் பயந்து பயந்துதான் வந்தாள். போங்ச்சி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். நான் பெரிய அதிகாரி மாதிரி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கூடையைப் பார்வையிட்டேன். “இனிமே என் கண்ணுதான் உனக்குக் கண்ணு, தெரிஞ்சுக்கோ” என்றேன் போங்ச்சியிடம்.

அவள் கழிசலில் கைவிட்டு ஒரு கறுப்புச் சுறாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

“எத்தனை முள்ளு, சொல்லு பாப்போம்.”

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். “ரெண்டு. ரெட்டைமுள்ளி.”

“கையுறையைக் கழட்டிட்டுத் தொட்டுப் பாரு.”

கழற்றினேன். வாலிலிருந்து தலைப் பக்கமாகக் கட்டைவிரலை ஓட்டினேன். பின்துடுப்பு வழுவழு என்று போனது. முன்துடுப்பில் சுருக்கென்று குத்தி ரத்தம் வந்தது.

“ஒண்ணுதான்” என்றேன்.

யுன்ஜென் என் கையிலிருந்து அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள். போங்ச்சி அடுத்த மீனுக்குக் கையை விட்டுக்கொண்டே, தளம் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகக் கேட்டாள்:

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?”